எல்லைக் கல்லிலிருந்து பதினோரு தப்படி

போன மாதம் சுகன்யா என்னை மூன்று முறை தொலைபேசியில் அழைத்தார். மூன்று முறையும் ஒரே கேள்விதான்.

"சார், ரயில்வே சரக்குக் கொட்டகைக்கு நாம நோட்டீஸ் குடுக்கலாமா, கூடாதா?"

முதல் முறை "குடுக்கலாம்மா" என்றேன். இரண்டாம் முறை "குடுத்து என்ன ஆகப்போகுது" என்றேன். மூன்றாம் முறை "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அறுபத்தேழு வயதில் ஒரே கேள்விக்கு மூன்று பதில் சொல்வது நல்ல அறிகுறி அல்ல. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மாநில மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் நான் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். சுகன்யா அங்கே இப்போது உதவிப் பொறியாளர். நான் ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் நான்கு மாதங்கள் ஆகின்றன. நான் பொறியாளன் அல்ல. ஆய்வக உதவியாளனாகச் சேர்ந்து, கள ஆய்வாளனாக முடித்தவன். சட்டம் தெரிய வேண்டுமென்றால் வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும். ஆனால் சுகன்யா அலமாரியிலிருந்து பழைய கோப்பு ஒன்றை எடுத்திருக்கிறார். அதில் பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து. அதே கொட்டகையைப் பற்றி இப்போது மறுபடியும் ஒரு புகார்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு மாதம் சென்னையில். வடிதாளை எடை போடும்போது அதன்மேல் மூச்சு விடக் கூடாது என்று கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் வேலைக்கு வந்த பிறகு கற்றதுதான்.

தூசி அளக்கும் வேலை வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குப் பெரிய விஞ்ஞானம்போலத் தெரியும். உண்மையில் அது ஒரு தாளை இரண்டு முறை எடை போடுவதுதான். கண்ணாடி இழையால் செய்த வெள்ளை வடிதாளை ஒரு நாள் முழுதும் ஈரம் உறிஞ்சும் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பிறகு நான்கு தசம இடம் வரை எடை எடுத்து, எண் போட்ட உறையில் வைத்து, களத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே உறிஞ்சு இயந்திரத்தின் தலையில் அந்தத் தாளைப் பொருத்தினால், எட்டு மணி நேரம் அது காற்றை இழுக்கும். மணிக்கு ஒரு முறை காற்றின் ஓட்டத்தைக் குறிக்க வேண்டும். திரும்பி வந்து மறுபடி உலர்த்தி மறுபடி எடை போட்டால், கூடிய எடைதான் தூசி.

ஒன்றே ஒன்று சிரமம். இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். ஜெனரேட்டர் வைத்தால் அதன் புகையே நம் தாளில் விழும். அதனால் எப்போதும் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து ஒயர் இழுக்க வேண்டியிருக்கும். முப்பத்தொரு ஆண்டுகளில் நூற்று நாற்பத்தேழு வீடுகளில் ஒயர் இழுத்திருக்கிறேன். நூற்று நாற்பத்தாறு வீட்டார் என்னை மறந்திருப்பார்கள்.

எங்கள் மாவட்டப் பொறியாளர் சதாசிவம் அதிகம் பேச மாட்டார். எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் "யாரோடது?" என்று கேட்பார். அவர் மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன. முதல் தட்டு நம்முடையது. இரண்டாவது மற்றவர்களுடையது. மூன்றாவது யாருடையதும் அல்லாதது. மூன்றாவது தட்டுதான் எப்போதும் உயரமாக இருக்கும். குறிப்பு எழுதும்போது முதலில் பென்சிலால் எழுதுவார், அரை மணி நேரம் விட்டு அதை அழிப்பார், அதற்குப் பிறகுதான் பேனாவை எடுப்பார். அழித்த தூளை ஊத மாட்டார். ஒரு பழைய கைக்குட்டையால் கூட்டிக் குப்பைக்கூடையில் போடுவார். "தூசி ஆபீஸ்ல தூசி பறக்கக் கூடாது" என்பார். அவர் சொன்னதாக எனக்கு நினைவிருக்கும் ஒரே வேடிக்கை அது.

முதல் தட்டுக் காகிதம் எப்படி நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு மரவள்ளி ஆலை. கழிவுநீரை ஓடையில் விட்டார்கள். திங்கட்கிழமை மாதிரி எடுத்தேன். வெள்ளிக்கிழமை எங்கள் உத்தரவில் ஆலைக்கு மின்சாரம் இல்லை. முதலாளி எங்கள் அலுவலக வராந்தாவில் நான்கு மணி நேரம் நின்றார். எங்கள் கையில் அதிகாரம் இருக்கும்போது அது அவ்வளவு வேகமாக நடக்கும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் ரயில் பக்கம் போனேன். அது என் தவறுகளில் முதலாவது.

நான் ஓய்வு பெற ஆறு ஆண்டுகள் இருந்தபோது அந்தப் புகார் வந்தது. சேலத்துக்கு மேற்கே, சங்ககிரி போகும் வழியில் ஒரு சிறு நிலையம். ஊர்ப் பெயர் வேண்டாம். நிலையத்தை ஒட்டிச் சரக்குக் கொட்டகை. அங்கே வண்டி வண்டியாக சிமெண்டு இறங்கும். கொட்டகைக்கு வடக்கே நெசவாளர் தெரு. இரண்டுக்கும் நடுவே அவர்களுடைய பாவடி, அதாவது பாவு எனும் நெட்டிழை நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்க்கும் வெட்டவெளி. விடிந்ததும் தோய்த்து, வெயில் ஏறுவதற்குள் உலர்த்தி எடுத்துவிட வேண்டும். சரக்கு வண்டிக்கு விடியல், மதியம் என்ற கணக்கில்லை. வந்த சில மணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும். கிழிந்த மூட்டைகளின் தூள் ஈரக் கஞ்சியில் வந்து படியும். உலர்ந்தால் இறுகிவிடும். அந்தப் பாவு தறியில் ஏறினால் இழை இழையாக அறும்.

புகாரில் இருபத்து நான்கு கையெழுத்துகள், ஒன்பது கைநாட்டுகள். முதல் கையெழுத்து பழனியம்மாள் என்றிருந்தது.

நானும் சதாசிவமும் முதலில் கொட்டகைக்குள் போனோம். அங்கே மூன்று புகை இருந்தது. இழுத்து வந்த டீசல் இஞ்சின் நின்றபடியே உறுமிக்கொண்டிருந்தது; ஐந்து மணி நேரமும் நாற்பது நிமிடமும் அணைக்கவில்லை என்று குறித்து வைத்தேன். மூட்டை ஏற்ற நின்ற லாரிகள் பன்னிரண்டு. அவற்றின் புகை ஒன்று. மூன்றாவது சிமெண்டுத் தூள்.

இஞ்சின் ஓட்டுநரிடம் அணைக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"அணைச்சா பிரேக்குக்குக் காத்து எறங்கிடுமுங்க. மறுபடி ஏத்தறதுக்குள்ள எனக்கு மெமோ வந்துடும். நீங்க வாங்கிக்கறீங்களா?" என்றார்.

சரக்கு எழுத்தர் வெளியே வந்தார். "சார், இது மத்திய சர்க்கார் இடம். நீங்க மாநிலம். உங்க மெஷினை வேலிக்கு வெளியே வெச்சுக்குங்க. புகை எங்களுதுன்னு யாரு சொன்னா? அதுல பேரு எழுதியிருக்கா?"

திரும்பும் வழியில் ஜீப்பில் சதாசிவம் என்னிடம் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். "இஞ்சின் டெல்லியோடது. லாரி போக்குவரத்து ஆபீஸோடது. தூசி…" மூன்றாவது விரலை மடக்கவில்லை.

வடிதாளுக்கு இந்தப் பிரிவினை தெரியாது. மூன்றும் அதில் ஒரே கறுப்பாகத்தான் விழும்.

அவர்கள் சொன்னபடி வேலிக்கு வெளியேதான் இயந்திரத்தை வைத்தேன். பாவடியின் தென்கோடி. பக்கத்தில் ஒயர் எட்டும் தூரத்தில் ஒரே ஓட்டு வீடு, பழனியம்மாளுடையது. நாற்பது வயதிருக்கும். கணவர் மாரப்பனும் அவரும் ஒரே குழித்தறியில் மாறி மாறி நெய்வார்கள். மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். ஒயர் கேட்டதும் தறிக்கு மேலே இருந்த பிளக்கைக் காட்டினார்.

இயந்திரம் ஓடத் தொடங்கியது. அது அலறும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும்.

"ஏனுங்க சார், இந்தப் பொட்டி தூசியப் புடிக்குமுங்களா, இல்ல சும்மா கத்துமுங்களா?" என்றார் பழனியம்மாள்.

"புடிக்கும்மா. எட்டு மணி நேரம் ஆகும்."

"எட்டு மணி நேரம் கத்தி ஒரு தாளா? எங்க ஊட்டுக்காரரும் இப்பிடித்தானுங்க. நாளெல்லாம் சத்தம், பொழுது எறங்கறப்ப பார்த்தா ஒரு முழந்தான் நெஞ்சிருப்பாரு."

உள்ளிருந்து மாரப்பனின் குரல் வந்தது. "ஆமா சாமி, அந்த ஒரு மொழமும் இவ பேசாத நேரத்துல நெஞ்சது."

மூன்று நாள், நாளுக்கு எட்டு மணி நேரம். மூன்று தாள்கள். பழனியம்மாள் கொடுத்த தேநீர் பதினான்கு டம்ளர். அளவு தாண்டியிருந்தது. எவ்வளவு என்று இங்கே எழுதப்போவதில்லை. அது கோப்பில் இருக்கிறது.

அறிக்கையோடு இடவரைபடம் ஒன்று இணைக்க வேண்டும். இயந்திரம் எங்கே இருந்தது என்பதை ஏதாவது ஒரு நிலையான அடையாளத்திலிருந்து அளந்து காட்ட வேண்டும். நான் டேப்பைவிடத் தப்படியை நம்புகிறவன். என் தப்படி இரண்டரை அடி. வருடத்துக்கு ஒரு முறை சரிபார்ப்பேன். அடையாளம் தேடியபோது பாவடியின் நடுவே முழங்கால் உயரக் கல் ஒன்று கண்ணில் பட்டது. பாவின் ஒரு முனைக் கயிற்றை அதில்தான் கட்டுவார்கள். பல வருடக் கஞ்சி அதன்மேல் பொறுக்கு தட்டியிருந்தது. சாவியால் சுரண்டினேன். உள்ளே எழுத்தும் எண்ணும் செதுக்கியிருந்தன. ரயில்வே எல்லைக் கல்.

பழனியம்மாள் பின்னால் வந்து நின்றார். "அதுல என்னமோ எழுதியிருக்குதுங்களா?"

"இது ரயில்வே கல்லும்மா."

"அப்பிடியா? எங்க மாமனார் காலத்துல இருந்து பாவுக் கவுறு கட்டற கல்லுங்க அது."

எல்லை என்று எல்லோரும் நினைத்திருந்த வேலி எல்லை அல்ல. எல்லை அதற்கு வெளியே, பாவடியின் நடுவில் ஓடியது. எனக்கு அப்போது வந்தது மகிழ்ச்சிதான். மறைக்க என்ன இருக்கிறது. இவ்வளவு உறுதியான அடையாளம் களத்தில் கிடைப்பது அபூர்வம். கல்லிலிருந்து தெற்கே பதினோரு தப்படியில் இயந்திரம். அதே கல்லிலிருந்து பழனியம்மாள் வீட்டு வாசல் ஒன்பது தப்படி. கல்லுக்குத் தெற்கே மொத்தம் ஐந்து வீடுகள். எல்லாவற்றையும் எண்ணினேன். எல்லாவற்றையும் வரைந்தேன். அவர் வீட்டின்மேல் சிறிய எழுத்தில் 'பழனியம்மாள் வீடு (மின் இணைப்பு)' என்று எழுதினேன். படம் அழகாக வந்திருந்தது.

சதாசிவம் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் கல்லு வேணுமா?"

"நிலையான அடையாளம் வேணும்னு விதி இருக்குதுங்க சார்."

"பாவடி ஓரத்துல புளியமரம் ஒண்ணு இருக்குதே. அதுல இருந்து எண்ணலாமே."

"மரத்தை வெட்டிட்டா சார்?"

அவர் பென்சிலை எடுத்தார். கல்லின்மேல் வைத்தார். எழுதவும் இல்லை, அழிக்கவும் இல்லை. அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்ட தாளைக் கொடுத்தார். 'கல்லை எடு' என்று அவர் சொல்லியிருக்கலாம் என்று பல வருடம் அவர்மேல் கோபமாக இருந்தேன். விதியைக் காட்டி நிற்கிறவனிடம் ஒரு மேலதிகாரி அதற்குமேல் என்ன சொல்ல முடியும் என்பது பிறகுதான் விளங்கியது.

நோட்டீஸ் போனது. இஞ்சின் புகை, லாரிப் புகை, தூசி என மூன்றையும் ஒரே நோட்டீஸில் எழுதியிருந்தோம். அது இரண்டாவது தவறு. பதில் வர எழுபத்தொரு நாள் ஆனது. ஒரே பக்கம், மூன்று பத்தி.

முதல் பத்தி: ரயில் இஞ்சின் மத்திய அரசின் பொருள், மாநில அலுவலகத்தின் விதிகள் அதைக் கட்டுப்படுத்தா. இரண்டாவது: மூட்டை இறக்குவது வியாபாரிகளின் பொறுப்பு, தூசிக்கு நாங்கள் பொறுப்பல்ல. மூன்றாவது: தங்கள் வரைபடத்தின்படியே மாதிரி எடுத்த இடம் ரயில்வே நிலத்துக்குள், எல்லைக் கல்லிலிருந்து பதினோரு தப்படி உள்ளே இருக்கிறது, அனுமதியின்றி எடுத்த மாதிரி செல்லாது. அதே வரைபடம் ஐந்து வீடுகள் ரயில்வே நிலத்தில் இருப்பதையும் காட்டுகிறது. ஆக்கிரமிப்பின்மீது நடவடிக்கை எடுக்கப்படும். இதை எங்கள் கவனத்துக்குக் கொண்டுவந்தமைக்கு நன்றி.

அந்த நன்றியை நான் எத்தனை முறை படித்தேன் என்று மட்டும் எண்ணவில்லை.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. பதினேழு கடிதங்கள் போயின. சென்னைக்கு ஆறு, டெல்லியில் உள்ள மத்திய அலுவலகத்துக்கு நான்கு, ரயில்வேக்கு ஏழு. சென்னை, டெல்லியைக் கேட்கச் சொன்னது. டெல்லி, மாநில அலுவலகமே பார்த்துக்கொள்ளலாம் என்றது. ரயில்வே, டெல்லி சொன்னால் பார்க்கலாம் என்றது. வருவாய்த் துறையிடம் அந்த ஐந்து வீட்டுக்கு மாற்று இடம் கேட்டோம். ரயில்வே நிலத்து ஆக்கிரமிப்புக்கு நாங்கள் எப்படிப் பட்டா தருவது என்று திருப்பிக் கேட்டார்கள். தூசி எல்லைக் கோட்டைத் தாண்டி வந்தபோது அது யாருடையதும் இல்லை. வீடு கோட்டைத் தாண்டி இருந்தபோது மட்டும் அது யாருடைய நிலம் என்று அனைவருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டு வீட்டார் கோர்ட்டில் தடை வாங்கினார்கள். மற்ற மூன்று வீட்டை இடித்தார்கள். அதில் ஒன்று பழனியம்மாளுடையது.

இடித்த அன்று காலை நான் போனேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஓடுகளை அவர்களே முன்பே இறக்கி அடுக்கியிருந்தார்கள். தறிச் சட்டங்களைக் கழற்றி வேப்பமரத்தில் சாய்த்திருந்தார்கள். வீடு தரைமட்டமான பிறகும் தறிக் குழி மட்டும் சதுரமாக அப்படியே இருந்தது. குழியை இடிக்க முடியாது அல்லவா. மாரப்பன் அதன் விளிம்பில் உட்கார்ந்து கால்களை உள்ளே தொங்கவிட்டிருந்தார், நெய்யும்போது உட்காருவதுபோல.

பழனியம்மாள் என்னைப் பார்த்தார். ரயில்வே அதிகாரி படத்தை அவர்களிடம் காட்டியிருக்கிறார்.

"ஊட்டை நல்லா வரைஞ்சிருக்கறீங்க சார்" என்றார். "பேரு கூடப் போட்டு."

ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"டீ வெக்க அடுப்பு இல்லீங்க இன்னைக்கு. போய்ட்டு வாங்க" என்றார்.

அவர்கள் பள்ளிக்கூடத்துப் பக்கம் வாடகைக்குப் போனார்கள். வாடகை வீட்டில் குழி தோண்ட எந்த வீட்டுக்காரர் ஒப்புவார்? தறி அதோடு போயிற்று. இருவரும் விசைத்தறிக்குக் கூலிக்குப் போவதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கோப்பின் கடைசிப் பக்கத்தில் 'புகார்தாரர் இடம் மாறியதால் புகார் முடித்து வைக்கப்படுகிறது' என்று இருக்கிறது. அதுவும் என் கையெழுத்துதான். சதாசிவம் அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது "யாரோடது?" என்று கேட்கவில்லை. மூன்றாவது தட்டில் வைத்தார். அடுத்த வருடம் மாற்றலாகிப் போய்விட்டார்.

இப்போது அந்தப் பாதையில் டீசல் இஞ்சின் குறைந்துவிட்டது என்கிறார்கள். சரக்குக் கொட்டகைக்கு மாநில அலுவலகத்தின் இசைவு வேண்டும் என்று ஆகியிருப்பதாகவும் சொல்கிறார்கள். சுகன்யாவுக்கே அது உறுதியாகத் தெரியவில்லை. சிலர் உண்டு என்கிறார்களாம், சிலர் அது வேறு என்கிறார்களாம். சிமெண்டு இன்னும் இறங்குகிறது. புகாரில் பத்தொன்பது கையெழுத்தாம். கைநாட்டு இல்லை. அவ்வளவுதான் முன்னேற்றம்.

போன வியாழக்கிழமை, சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறி நான் அங்கே போனேன். மகனிடம் கண் மருத்துவமனைக்கு என்று சொன்னேன். முழங்கால் வலியோடு பாவடியில் நடந்தேன். கல் அங்கேயே இருந்தது. நைலான் கயிறு கட்டியிருந்தது. புளியமரமும் இருந்தது. வெட்டிவிடுவார்கள் என்று நான் சொன்ன மரம்.

மரத்தடியிலிருந்து பள்ளிக்கூடச் சுவர் வரை எண்ணினேன். நூற்று அறுபத்து மூன்று தப்படி. பள்ளிக்கூடம் கல்லுக்கு வெகு தூரம் வடக்கே. சந்தேகமே இல்லாமல் மாநிலத்துக்குச் சொந்தமான இடம். மாடி இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது. யார் வீட்டிலும் ஒயர் இழுக்க வேண்டாம்.

"ஏனுங்க, இன்னும் எண்ணீட்டேதான் இருக்கறீங்களா?"

விசைத்தறிக் கூடத்துக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு போய்க்கொண்டிருந்தார் பழனியம்மாள். தலை பாதிக்குமேல் நரைத்துவிட்டது. காது சரியாகக் கேட்கவில்லை, தறிச் சத்தம். நான் இரண்டு முறை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது, புளியமரத்திலிருந்துதான் எண்ணுகிறேன், கல்லிலிருந்து அல்ல என்று.

"அதை அன்னைக்கே எண்ணியிருக்கலாமுங்க" என்றார். கோபமில்லை, நேரமாகிவிட்டது என்பதுபோலத்தான் சொன்னார். பிறகு, "மக டவுன்ல வேலைக்குப் போறா. அவுருக்குத்தான் இருமல் விட மாட்டேங்குது. வாரேனுங்க, ஷிப்ட்டு மாறிடும்" என்று நடந்தார்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து சுகன்யாவை அழைத்தேன். "நோட்டீஸ் குடுங்கம்மா. தூசிக்கு மட்டும் குடுங்க. இஞ்சினைப் பத்தி ஒரு வரி எழுதினாலும் அந்த ஒரு வரிக்குத்தான் பதில் வரும். மெஷினைப் பள்ளிக்கூட மாடியில வைங்க. வரைபடத்துக்கு அடையாளம் புளியமரம்."

"மரத்தை வெட்டிட்டா சார்?"

"வெட்டுனா அப்பப் பார்த்துக்கலாம்மா."

"ரயில்வே கல்லு ஒண்ணு இருக்குன்னு பழைய படத்துல போட்டிருக்கீங்களே. கல்லுக்குத் தெக்கே இப்ப எத்தனை வீடுன்னு பார்த்தீங்களா சார்?"

பேருந்து வர இருபது நிமிடம் இருந்தது. நிறுத்தத்திலிருந்து பார்த்தால் கல்லுக்கு அந்தப் பக்கத்து ஓட்டுக் கூரைகள் எல்லாம் தெரிந்தன. புதிதாகச் சில சேர்ந்திருந்தன.

"கண்ணு சரியாத் தெரியலம்மா" என்றேன்.

வைத்துவிட்டு, திரும்பி உட்கார்ந்து பள்ளிக்கூடத்து ஜன்னல்களை எண்ணினேன். மேலும் கீழுமாகப் பதினாறு.